தாத்தாவின் நோட்டு, சிறுமலை அடிவாரம், கொஞ்சம் பொறுமை: மூலிகை மருந்து செய்யக் கற்றுக்கொள்ள எங்கே தொடங்குவது?

கேள்வி: நத்தம் பக்கம், சிறுமலை அடிவாரத்தில் எங்களுக்கு அறுபது சென்ட் தோட்டம் இருக்கிறது. எனக்கு வயது 38, ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். தாத்தா நாட்டு வைத்தியம் பார்த்தவர். அவர் கைப்பட எழுதிய நோட்டு ஒன்று வீட்டில் பத்திரமாக இருக்கிறது. தோட்டத்தில் இருபது, முப்பது மூலிகை வைத்திருக்கிறேன், தெரியாத செடியைச் செல்போன் ஆப்பில் படம் எடுத்துப் பெயர் பார்த்துக்கொள்வேன். யூடியூப் பார்த்துக் கசாயமும் சூரணமும் செய்கிறேன். மலையில் போய்ப் பறித்து வந்தால் இன்னும் நிறையச் செய்யலாம் என்று தோன்றுகிறது. அம்மாவுக்குச் சர்க்கரை, சிறுகுறிஞ்சான் பொடி கொடுக்கலாமா? பட்டம் படிக்காமல் இதை முறையாகக் கற்க வழி இருக்கிறதா? பின்னாளில் விற்கும் எண்ணமும் உண்டு. சொல்லுங்கள் டாக்டர்.

பதில்: நீங்கள் கேட்டதில் பாதிக்கு "தாராளமாகச் செய்யுங்கள்" என்பதுதான் பதில். மீதிப் பாதிக்குக் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் அந்த ஆப். அது ஒரு யோசனை சொல்லும், அவ்வளவுதான். பூவும் காயும் இல்லாத செடியின் இலையை மட்டும் படம் எடுத்துக் கொடுத்தால் அது ஏதோ ஒரு பெயரைச் சொல்லத்தான் செய்யும். அழகுக்கு வளர்க்கும் செடி என்றால் பெயர் தப்பினாலும் நஷ்டமில்லை, வாய்க்குள் போகிற செடிக்கு அது போதாது. மருந்து செய்வது ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை, அடுப்பு பழகிய எவருக்கும் ஆறு மாதத்தில் கை வந்துவிடும். செடியை அறிவதுதான் வருடக்கணக்கில் இழுக்கும். ஆனால் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பெரும்பாலோர் சட்டியிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

உங்கள் தோட்டத்திலேயே பார்க்கலாம். மஞ்சள் கரிசலாங்கண்ணி வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் போய் இலையைப் பாருங்கள். இலை தடித்துப் பளபளப்பாக, நுனிப்பக்கம் மூன்றாகப் பிரிந்தது போல இருந்து, பூ பெரிதாக அடர் மஞ்சளில் இருந்தால் அது கரிசலாங்கண்ணியே இல்லை. தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்து, ஆபீஸ் வாசல்களிலும் சாலை நடுவிலும் தரையை மூட வளர்க்கிற அலங்காரச் செடி அது. நர்சரியில் இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள், வாங்குகிறவர்களும் பறித்துக் கீரையாகவே சமைக்கிறார்கள். வெள்ளைக் கரிசலாங்கண்ணியில் இந்தக் குழப்பம் கம்மி. இலையை உள்ளங்கையில் வைத்துக் கசக்கிச் சற்று நேரம் விட்டால் சாறு கறுத்துப்போகும், கையிலும் கறை பிடிக்கும். கீழாநெல்லியிலும் ஆள்மாறாட்டம் உண்டு. இலைக்கு அடியில் காய் வரிசையாக இருந்தால் கீழாநெல்லி என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அதன் உறவுக்காரச் செடிக்கும் காய் அடியில்தான் இருக்கிறது. மருந்துக்கு எடுக்கிற கீழாநெல்லியின் காய் வழவழப்பாக, சின்னக் காம்போடு தொங்கும். மற்றதற்குத் தண்டில் செம்மை ஓடியிருக்கும், காய் சொரசொரப்பாகக் காம்பே இல்லாததுபோல ஒட்டிக்கொண்டிருக்கும். குனிந்து, முடிந்தால் ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இதெல்லாம் பெரிய ஆபத்தில்லாத குழப்பங்கள். ஆபத்தானவையும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் மெலிய மூலிகைப் பொடி சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது, சிலருக்குப் பின்னால் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. சீன மருத்துவத்தில் ஏறக்குறைய ஒரே பெயரில் புழங்கும் இரண்டு கொடிகளில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று போய்விட்டதுதான் காரணம். தப்பாகப் போன அந்தக் கொடி நம் ஊர் ஆடுதின்னாப்பாளைக்கும் ஈஸ்வரமூலிக்கும் சொந்தம், அதே நச்சு அமிலம் இவற்றிலும் இருக்கிறது. தாத்தா நோட்டில் இந்த இரண்டு பெயர்களும் கட்டாயம் இருக்கும். அவற்றை விட்டுவிடுங்கள். நம் நாட்டிலேயே, கொரோனா காலத்தில் சீந்திலை ஆளாளுக்குக் காய்ச்சிக் குடித்தபோது, கல்லீரல் வீங்கி வந்த நோயாளிகளைப் பற்றி 2021-ல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். அது சரியான சீந்தில்தானா, தண்டெல்லாம் முண்டு முண்டாக இருக்கும் அதன் பங்காளிக் கொடியா என்று ஆயுஷ் அமைச்சகம் கேள்வி எழுப்பியது. சண்டை யார் பக்கம் நியாயம் என்பதை விடுங்கள், குடித்தவர்களில் எத்தனை பேருக்குத் தாங்கள் குடித்தது எந்தக் கொடி என்று தெரிந்திருக்கும்?

அதனால் இருபது, முப்பது வேண்டாம். ஐந்தாறு செடியை எடுத்துக்கொள்ளுங்கள். கற்பூரவல்லி, தூதுவளை, ஆடாதோடை, வெள்ளைக் கரிசலாங்கண்ணி, நொச்சி, முடிந்தால் ஒரு வெட்பாலை மரம். இவற்றை ஒரு வருடம் பாருங்கள். விதையில் எப்படி இருக்கிறது, நாற்றில் எப்படி, சித்திரை வெயிலில் இலை எப்படிச் சுருங்குகிறது, ஐப்பசி மழையில் எப்படித் தழைக்கிறது, காய்ந்து சருகானால் என்ன வாசனை. அது முக்கியம், ஏனென்றால் நாட்டு மருந்துக்கடையில் நீங்கள் வாங்கப் போவது சருகைத்தான். ஒவ்வொன்றிலும் பூவோடு ஒரு கிளையைப் பழைய செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்திக் காயவைத்து, எங்கே எப்போது எடுத்தது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் அதை எடுத்துக்கொண்டு திருச்சி புனித வளனார் கல்லூரியில் இருக்கும் ராபினாட் உலர்தாவரகத்துக்குப் போகலாம், கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தென்மண்டல அலுவலகமும் இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து திருச்சி ஒன்றும் தூரமில்லை.

சரி, செய்முறைக்கு வருவோம், உங்களுக்கு அதுதானே ஆசை. வெளிப்பூச்சிலிருந்து தொடங்குங்கள் என்பேன். வெட்பாலைத் தைலத்துக்கு அடுப்பே வேண்டாம். இலையைக் காலையில் பறித்து, ஈரம் இருந்தால் துணியால் துடைத்து, கத்தி படாமல் கையால் கிள்ளி ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு, இலை மூழ்கத் தேங்காய் எண்ணெய் ஊற்றி வெயிலில் வைக்க வேண்டும். ஒன்றிரண்டு நாளில் எண்ணெய் சிவக்கத் தொடங்கும், நான்கைந்து நாளில் கத்தரிப்பூ நிறம் ஏறி, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால்தான் உள்ளே தெரியும் அளவுக்குக் கறுத்துவிடும். இந்த நிறம் வரவில்லையென்றால் உங்கள் இலை வெட்பாலை இல்லை, அல்லது வெயில் போதவில்லை. இலையில் தண்ணீர் இருந்தால் பூசணம் பிடித்துச் சிக்கு வாடை அடிக்கும், அதைக் கொட்டிவிட வேண்டியதுதான். வடிகட்டியதைப் பொடுகுக்கும், செதில் உதிரும் காளாஞ்சகப் படைக்கும் (சோரியாசிஸ்) தடவலாம், நீர் வடிகிற புண்ணில் வேண்டாம். தடவிக்கொள்கிறவரிடம் "சரியாகிவிடும்" என்று சத்தியம் பண்ணாதீர்கள், காளாஞ்சகப் படை போய்ப் போய்த் திரும்பி வரும் நோய்.

அப்புறம் குடிநீர், அதாவது கசாயம். சரக்கை ஒன்றிரண்டாக இடித்து, மண்சட்டியிலோ எவர்சில்வரிலோ போட்டு, மூடாமல் சிறு தீயில் வைத்து, தண்ணீர் கால் பங்காக வற்றும்வரை விடுங்கள். நிலவேம்புக் குடிநீர் என்றால் ஒரு தேக்கரண்டிச் சூரணத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர், 200 மில்லி 50 மில்லியாக வர வேண்டும். (அது நிலவேம்பு மட்டும் போட்டதல்ல, வெட்டிவேர், பற்படாகம், பேய்ப்புடல், சுக்கு, மிளகு எல்லாம் சேர்த்து ஒன்பது சரக்கு. வெறும் நிலவேம்பைக் காய்ச்சிக் குடித்துவிட்டு வாய் கசந்து எனக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் உண்டு.) காய்ச்சிய குடிநீருக்கும் பச்சிலைச் சாற்றுக்கும் ஆயுள் ஒரு சாமம், மூன்று மணி நேரம். காலையில் போட்டதை பிளாஸ்கில் ஊற்றி ராத்திரி குடிப்பது கணக்கில் வராது. சூரணத்துக்கு மூன்று மாதம், மணப்பாகு (சர்ப்பத்து), மருந்து நெய், இளகத்துக்கு (லேகியம்) ஆறு மாதம், எண்ணெய்க்கு ஒரு வருடம் என்று நம் நூல்கள் வகுத்திருக்கின்றன. எந்த பாட்டிலாக இருந்தாலும் தேதி எழுதாமல் அலமாரிக்குள் வைக்காதீர்கள்.

சூரணத்தில் பலர் கோட்டைவிடுவது காயவைப்பதில்தான். இலையை நிழலில் உலர்த்த வேண்டும், ஒடித்தால் 'பட்' என்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. நான் செய்யச் சொல்லும் சோதனை: காய்ந்த இலையில் ஒரு பிடியைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு இறுக மூடி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் பாட்டிலின் உட்புறம் ஆவி கோத்திருந்தால் மறுபடியும் உலர்த்துங்கள். ஈரத்தோடு அரைத்த பொடியில் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை பிடிக்கும், அது மூலிகை கெடுப்பதைவிட அதிகம் கெடுக்கும். அரைத்ததை மெல்லிய துணியில் சலிப்பதை வஸ்திரகாயம் என்போம், அதைச் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள். சுத்தியும், அதாவது சரக்கிலிருக்கும் நஞ்சை நீக்குவதும் அப்படியே. சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்று உங்கள் தாத்தாவும் சொல்லியிருப்பார், சுக்கின் தோலைச் சீவுவதும் கடுக்காயின் கொட்டையை எடுத்துப் போடுவதும் வீடியோக்களில் வெட்டுப்பட்டுப் போகிற பகுதி.

எண்ணெய் காய்ச்சுவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பச்சிலைச் சாறும் கற்கமும் (அரைத்த விழுது) சேர்த்துக் காய்ச்சும்போது அடியில் இருக்கும் கற்கத்தைக் கொஞ்சம் எடுத்து விரலில் உருட்டிப் பார்க்க வேண்டும். மெழுகுபோல உருண்டால் ஒரு பதம், மணல்மணலாக உதிர்ந்தால் அடுத்த பதம். அந்தக் கற்கத்தைத் திரியாகத் திரித்து நெருப்பில் காட்டினால் சடசடவென்று வெடிக்கக் கூடாது, வெடித்தால் தண்ணீர் இன்னும் மிச்சம். இதை எழுத்தில் படித்துக் கற்க முடியாது, காய்ச்சுகிறவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

எங்கே பறிப்பது என்பதையும் பாருங்கள். கீழாநெல்லியும் கரிசலாங்கண்ணியும் வரப்பில் கொழுகொழுவென்று வளரும், அந்த வரப்பில்தான் களைக்கொல்லியும் அடிப்பார்கள். வல்லாரை சாக்கடை ஓரத்து ஈரத்தில் செழிக்கும், அந்தத் தண்ணீரில் உள்ளதையெல்லாம் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். ரோட்டோரத்துச் செடி வேண்டவே வேண்டாம். சொந்தத் தோட்டம் வைத்திருக்கிற உங்களுக்கு இந்தக் கவலை இல்லை, அதனால்தான் மலைக்குப் போகிற அவசரம் எனக்குப் புரியவில்லை.

மலையைப் பற்றி. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் வேர் தோண்டுவதும் பட்டை உரிப்பதும் வனச் சட்டப்படி குற்றம். 2006-ன் வன உரிமைச் சட்டம் சிறு வன மகசூல் எடுக்கும் உரிமையைக் காட்டில் வாழும் பழங்குடிகளுக்கும் தலைமுறைகளாகக் காட்டைச் சார்ந்தே வாழ்பவர்களுக்கும்தான் கொடுத்திருக்கிறது, அடிவாரத்தில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு அல்ல. சட்டத்தை விடுங்கள், வேர் மருந்துக்காக ஒரு செடியைத் தோண்டினால் அந்தச் செடி போயிற்று. நன்னாரியும் மாகாளிக்கிழங்கும் பல மலைகளில் அருகிப்போனதற்குக் காரணம் இதுதான். அதோடு, காட்டுக்குள் தெரியாமல் கை வைத்தால் உயிரையே எடுப்பவை இருக்கின்றன. செங்காந்தள் கிழங்கைச் சர்க்கரைவள்ளி மாதிரி ஏதோ கிழங்கு என்று தின்றவர்கள் உண்டு, அதிலிருக்கும் கோல்சிசின் இரண்டு மூன்று நாளில் உறுப்புகளை ஒவ்வொன்றாக நிறுத்தும். ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் அதை விதைக்காகவே பயிர் செய்கிறார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒடுவன் தழையை அரைத்துக் குடித்தவர்களுக்குப் பொட்டாசியம் சரிந்து இதயத் துடிப்பு தாறுமாறாகும். மலைவாழ் பழங்குடிகளான பளியர் குடியிருப்பில் பழகியவர்கள் யாராவது இருந்தால் அவர்களோடு நடந்து பாருங்கள், பறிக்காமல் பார்த்துவிட்டு வாருங்கள். தேவையான செடிக்கு விதையோ போத்தோ (நடுவதற்கு வெட்டிய தண்டு) வாங்கித் தோட்டத்தில் வையுங்கள்.

அம்மா விஷயம். சிறுகுறிஞ்சான் சர்க்கரையைக் குறைக்கும் என்பது பொய்யில்லை. இலையை மென்றுவிட்டு வாயில் சீனியைப் போட்டால் மணல் மாதிரி இருக்கும், கொஞ்ச நேரத்துக்கு இனிப்பே தெரியாது, இதை வைத்துச் சரியான கொடியா என்று உறுதி செய்யலாம். (உறுதி செய்யத்தான், கண்டுபிடிக்க அல்ல. என்ன கொடி என்றே தெரியாததை மென்று பார்க்காதீர்கள்.) பிரச்சினை, அம்மா ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பயம் குறைவு. கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ இருந்தால், அதோடு இதுவும் சேர்ந்து சர்க்கரை திடீரென்று இறங்கலாம். ராத்திரியில் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் பக்கத்தில் யாரும் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்? மாத்திரைச் சீட்டோடும், சமீபத்திய மூன்று மாதச் சராசரி, கிரியாட்டினின் பரிசோதனை முடிவுகளோடும் திண்டுக்கல் அரசு மருத்துவமனைச் சித்தா பிரிவுக்கு அம்மாவைக் கூட்டிப் போங்கள். அங்கே என்ன கொடுக்கிறார்கள் என்பதைச் சர்க்கரை மருத்துவரிடமும் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடிக்கு மாறுவது மட்டும் வேண்டாம்.

இதே எச்சரிக்கை மற்றவற்றுக்கும் உண்டு. ஆடாதோடை சளிக்கு அருமையான மருந்து, ஆனால் கருப்பையைச் சுருங்க வைக்கும், கர்ப்பிணிக்குக் கூடாது. குப்பைமேனியை உள்ளுக்குக் கொடுத்து, ஒரு குறிப்பிட்ட நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்ததை இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள், அங்கே அது இலைக்கஞ்சியில் போடுகிற செடி. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேன் குழைத்து எதையும் நாக்கில் தடவாதீர்கள். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கொடுத்துக் குணமாக்கினேன் என்று யாராவது சொன்னால், தண்ணீரால் பரவும் காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கும் என்பதை நினைவில் வையுங்கள். 1988-ல் சென்னை ஆய்வாளர்கள் ஹெபடைடிஸ் பி-க்குக் கீழாநெல்லி நன்றாக வேலை செய்கிறது என்று லான்செட் இதழில் எழுதினார்கள், வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. நான் கீழாநெல்லியை ஒதுக்குகிறவன் அல்ல, என் நோயாளிகளுக்குக் கொடுக்கிறேன், ஆனால் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டுத்தான்.

நோட்டுக்கு வருகிறேன். அது பொக்கிஷம், முதல் வேலையாகப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். ஆனால் அதை அப்படியே செய்து பார்க்காதீர்கள். அளவெல்லாம் பலம், வராகன், ஆழாக்கில் இருக்கும். இன்றைய கணக்கில் பலம் 35 கிராம், வராகனெடை 4.2 கிராம், ஆழாக்கு 168 மில்லி என்று எடுத்துக்கொள்கிறோம், பலத்தையும் வராகனையும் மாற்றிப் போட்டால் எட்டு மடங்கு வித்தியாசம். செடிப் பெயர்களும் ஊருக்கு ஊர் மாறும், தாத்தா சொன்ன சிறியாநங்கை எந்தச் செடி என்று ஊரில் வயதானவர்கள் யாராவது தோட்டத்தில் வந்து கைகாட்டினால்தான் நிச்சயம். ரசம், தாளகம், லிங்கம், வீரம், சேங்கொட்டை, எட்டி என்று எழுதியிருக்கும் பக்கங்களைப் படிக்கலாம், செய்யக் கூடாது. முதல் நான்கும் பாதரசமும் ஆர்செனிக்கும். முறைப்படி படித்தவர்களே உரிய கூடம் இல்லாமல் அவற்றைத் தொடுவதில்லை.

பட்டம் இல்லாமல் கற்க முடியுமா என்றால், வீட்டுக்குச் செய்துகொள்ளும் அளவுக்கு முடியும். மருத்துவம் பார்க்க முடியாது, அதற்கு ஐந்தரை வருடப் படிப்பு இருக்கிறது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி, சென்னை அரும்பாக்கம், தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், இங்கெல்லாம் மூலிகைத் தோட்டம் உண்டு. மேட்டூரில் மத்திய அரசின் சித்த மூலிகைத் தோட்டம் தனியாகவே இருக்கிறது. முன்கூட்டிக் கேட்டுவிட்டுப் போய்ப் பெயர்ப்பலகையோடு செடியைப் பாருங்கள், ஒரு நாளில் கற்பது பல மாத வீடியோவுக்குச் சமம். உங்கள் பக்கத்தில் பதிவு பெற்ற சித்த மருத்துவர் யாராவது மருந்து தானே செய்கிறவராக இருந்தால், ஞாயிற்றுக்கிழமைகளில் இடித்துச் சலிக்க வருகிறேன் என்று கேளுங்கள். எங்களுக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறைதான்.

விற்பனை. சொந்த வீட்டுக்குச் செய்துகொள்ள உரிமம் வேண்டாம். விற்பதற்குச் செய்தால் 1940-ன் மருந்துகள் சட்டப்படி உரிமம் வேண்டும், அதற்குத் தனிக் கூடம், தகுதியுள்ள பணியாளர், தரப் பரிசோதனை என்று நிபந்தனைகள் இருக்கின்றன. வாட்ஸ்அப் குரூப்பில் விற்றாலும் விற்பனைதான். "சர்க்கரையை ஒழிக்கும்" என்று விளம்பரம் போட்டால் 1954-ன் இன்னொரு சட்டமும் சேர்ந்துகொள்ளும். இவ்வளவு முதலீடு இல்லாதவருக்கு நான் சொல்வது, மருந்தை விடுங்கள், செடியை விற்கலாம். தூதுவளையும் வல்லாரையும் கீரைக்கட்டாகப் போகும். சரியாக இனம் கண்ட மூலிகை நாற்றுக்கு நல்ல தேவை இருக்கிறது, குறிப்பாக நிஜமான மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு. நீங்கள் போகிற வழியில் ஒரு வருடம் செடி பார்த்துவிட்டால் அதைப் போத்து போட்டுப் பெருக்க உங்களால் முடியும், வாங்க நானே ஆள் அனுப்புகிறேன்.